ஒன்றரை மைலும் இருபத்தாறு மைலும்

நம் பல்கலைக் கழகத்தின் ஆண்டு விளையாட்டு விழா அறிவிப்பு சென்ற திங்களில் விடுதிப் பலகையில் ஒட்டப்பட்டது. சாலை ஓட்டம் என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரிகள் இருந்தன. ஆடவர்க்கு 10 கிலோமீட்டர்; மகளிர்க்கு 5 கிலோமீட்டர். நானும் என் அறைத் தோழியும் ஓராண்டுக் காலமாக விடியற்காலையில் வளாகத்தைச் சுற்றி ஓடி வருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் 12 கிலோமீட்டர் ஓடுவது எங்கள் வழக்கம். ஆகவே அந்த இரண்டாவது வரி எங்களை உறுத்தியது.

அன்று மாலை தமிழ் மன்றக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மன்றத்தின் மூத்த மாணவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்றே அழைப்பவர், பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்பவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "பத்துக் கிலோமீட்டர் உனக்கு எதற்கு, தங்கச்சி? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"பெண்ணுடம்பு தாங்காது என்பதற்கு ஆதாரம் உண்டா அண்ணா?" என்றேன்.

"இதுவரை இங்கே எந்தப் பெண்ணும் ஓடியதில்லையே. அதுதான் ஆதாரம்."

நல்ல மனிதர் அவர். குறும்புக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அவர் குறும்பாகச் சொன்னதையே அரை நூற்றாண்டுக் காலம் உலகத்தின் விளையாட்டுச் சங்கங்கள் விதியாக எழுதி வைத்திருந்தன. ஓடக் கூடாது என்று தடுத்தார்கள். தடுத்ததால் ஒருத்தியும் ஓடவில்லை. ஒருத்தியும் ஓடாததைக் காட்டி, ஓட முடியாது என்று முடிவு கட்டினார்கள். சோதனைச் சாலையில் இப்படி ஒரு முடிவை எழுதிக் கொடுத்தால் நம் பேராசிரியர்கள் ஏட்டைத் திருப்பி எறிவார்கள். இந்தச் சுழலை உடைத்தவர்கள் பெரிய மேதைகள் அல்லர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சில பெண்கள். அவர்களைப் பற்றி நான் படித்து அறிந்தவற்றை நம் மன்றத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், தடை வந்த கதையைப் பார்ப்போம். 1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முறையாக மகளிர்க்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஓடி உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிட்டோமி கினுவே இரண்டாவதாக வந்தார். முழு மூச்சோடு ஓடியவர்களில் சிலர் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் களைத்துத் தரையில் சாய்ந்தனர். 800 மீட்டர் ஓடிய ஆண்களும் அப்படிச் சாய்வதுண்டு. அதை யாரும் செய்தியாக்குவதில்லை. ஆனால் மறுநாள் சில செய்தித்தாள்கள் பதினொரு பெண்கள் ஓடியதாகவும், பலர் பாதியில் விழுந்ததாகவும், காணச் சகிக்காத காட்சியாக இருந்ததாகவும் எழுதின. உண்மை என்ன? ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். எண்ணிக்கையைக்கூடச் சரியாக எழுதாத செய்தியை நம்பி, அந்தப் பந்தயத்தை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கினார்கள். 1960-ல் ரோம் நகரில்தான் அது திரும்ப வந்தது. இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பெண்கள் ஓட்டக் களத்தில் 200 மீட்டருக்கு மேல் ஒலிம்பிக்கில் ஓடவே வழியில்லாமல் வளர்ந்து முதிர்ந்துவிட்டார்கள்.

இனி பாஸ்டனுக்குப் போவோம். அங்கே 1897-ம் ஆண்டு முதல் ஏப்ரல் திங்களில் மாரத்தான் ஓட்டம் நடந்து வருகிறது. ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கிப் பல ஊர்களின் ஊடே நகரத்தின் நடுவில் வந்து முடியும். தொலைவு 26 மைல் 385 கெஜம், அதாவது 42.195 கிலோமீட்டர். நம் ஊர்த் தேர்த் திருவிழாவைப் போல வழிநெடுக மக்கள் நின்று ஓடுவோர்க்குத் தண்ணீரும் ஆரஞ்சுச் சுளைகளும் கொடுப்பார்கள்.

பாஸ்டனை அடுத்த வின்செஸ்டரில் வளர்ந்த ராபர்ட்டா கிப் என்ற பெண் 1964-ல் தன் தந்தையோடு சென்று இந்த ஓட்டத்தைப் பார்த்தார். பார்த்த அன்றே தாமும் இதில் ஓட வேண்டும் என்று முடிவு செய்தார். அவருக்குப் பயிற்சியாளர் இல்லை. பயிற்சி நூலும் இல்லை. பெண்களுக்கென்று ஓட்டக் காலணி அன்று கடைகளில் கிடையாது. ஆகவே மருத்துவமனைத் தாதியர் அணியும் வெள்ளைத் தோற்காலணியை மாட்டிக்கொண்டு காட்டுப் பாதைகளில் ஓடினார். பாஸ்டனில் இருந்த கலைப் பள்ளிக்கு எட்டு மைல் தூரத்தை ஓடியே போவார். ஒரு வண்டியில் தம் நாயையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா முழுவதையும் குறுக்கே கடந்தார். பகலெல்லாம் புதிய புதிய மலைகளிலும் சமவெளிகளிலும் ஓடினார், இரவில் வானத்தின் கீழ் உறங்கினார். இது பயிற்சியா, யாத்திரையா என்று எனக்கே விளங்கவில்லை.

1966-ம் ஆண்டு தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து அவர் பாஸ்டன் பந்தயக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினார். மறுப்புக் கடிதம் வந்தது. பெண்களின் உடலமைப்பு மாரத்தான் தொலைவைத் தாங்காது; பெண்களுக்கு விதிப்படி அனுமதிக்கப்பட்ட மிகுதியான தொலைவு ஒன்றரை மைல்; எனவே சேர்த்துக்கொள்ள இயலாது என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருந்த பெண்ணோ, ஒன்றரை மைலைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு தூரத்தை ஒரே மூச்சில் ஓடிப் பழகியவர்! அறிவுரை கூறும் நிபுணர் ஒருபுறம், கண்கூடான சான்று மறுபுறம். இரண்டும் மோதினால் எது நிற்கும் என்பது விஞ்ஞானம் பயிலும் நமக்குத் தெரியும். ஆனால் சான்றைப் பார்க்க அவர்கள் கண்ணைத் திறக்க வேண்டுமே.

அவர் பஸ் ஏறினார். கலிபோர்னியாவின் தென்கோடியிலிருந்து நாட்டின் மறு கரை வரை மூன்று இரவும் நான்கு பகலும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி பயணம். நம்மில் பலர் விடுமுறைக்கு ஊர் போகும்போது இரண்டு இரவுகள் ரெயிலில் கழித்துவிட்டு ஒரு நாள் முழுதும் படுத்துக் கிடக்கிறோம். அவர் பந்தயத்துக்கு முந்தைய நாள் வந்து இறங்கினார். பெற்றோர் முதலில் திகைத்தனர். எனினும் மறுநாள் காலையில் தாயாரே ஹாப்கின்டன் வரை காரில் கொண்டுவந்து விட்டார். அன்று ஏப்ரல் 19. அவருக்கு வயது இருபத்துமூன்று, இன்று எனக்கு இருப்பது போல.

தம்பியின் அரைக்கால் சட்டை. உள்ளே கறுப்பு நீச்சலுடை. மேலே தலையை மூடும் நீலச் சட்டை. காலில் புதிதாக வாங்கிய பையன்களின் காலணி. தொடக்கக் கோட்டுக்கு அருகில் இருந்த புதரில் மறைந்து நின்று, துப்பாக்கி ஒலித்து ஓடுவோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கடந்தபின் கூட்டத்தில் நுழைந்தார். காவலர் கண்டால் பிடித்து வெளியேற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு. சிறிது தூரத்திலேயே பின்னால் ஓடிய ஆண்கள் இவர் பெண் என்று கண்டுகொண்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? மகிழ்ந்தார்கள். வெயில் ஏறிச் சட்டையைக் கழற்ற வேண்டும், ஆனால் அடையாளம் தெரிந்தால் வெளியேற்றுவார்களோ என்று அவர் அஞ்சியபோது, அப்படி எவரும் செய்ய விடமாட்டோம், இது எல்லோருக்கும் பொதுவான சாலை என்று அவர்கள் தைரியம் சொன்னார்கள். இந்த நிகழ்ச்சியில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி இதுவே. தடை மேசைக்குப் பின்னால் அமர்ந்தவர்களிடம் இருந்தது. உடன் ஓடியவர்களிடம் இல்லை.

செய்தி வானொலி வழியே முன்னால் பரவியது. பாதி வழியில் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவிகள் அவர் வருகைக்காகக் காத்திருந்து எழுப்பிய ஆரவாரம் பெரிது. கடைசி மைல்களில் நிலைமை கடினமாயிற்று. புதுக் காலணி கால்களைக் கடித்துக் கொப்புளமாக்கியது. தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று அக்காலத்தில் பலரும் நம்பியதால் அவர் வழியில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வேகம் தளர்ந்தது. ஆயினும் 3 மணி 21 நிமிடம் 40 வினாடியில் ஓடி முடித்தார். மைலுக்கு ஏறத்தாழ ஏழே முக்கால் நிமிடம். அன்று ஓடிய ஆடவரில் மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். மாநில ஆளுநர் கை குலுக்கினார். உடன் ஓடியவர்கள் வழக்கமான விருந்துக்கு அவரையும் அழைத்துச் சென்றார்கள். அது ஆடவர்க்கு மட்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபத்தாறு மைல் ஓடியவளுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கிடைக்கவில்லை!

மறு ஆண்டின் கதையை அன்பர்கள் அறிந்திருக்கலாம். சிராக்யூஸ் பல்கலைக் கழக மாணவி காத்ரின் சுவிட்சர், இருபது வயதினர், தம் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் எழுதி முறைப்படி பதிவு செய்து 261 என்ற எண்ணைப் பெற்றார். ஓட்டத்தின் நடுவே அதிகாரி ஜாக் செம்பிள் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்க்க முயன்றார். சுவிட்சருடன் ஓடிய காதலர், சம்மட்டி எறியும் வீரர், அவரைத் தோளால் இடித்துத் தள்ளினார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அருகில் இருந்ததால் அந்தக் காட்சி உலகமெங்கும் பரவியது. சுவிட்சர் ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் முடித்தார். அதே நாளில் அதே சாலையில் ராபர்ட்டா கிப் எண் எதுவும் இன்றி ஓடி, அவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்திருந்தார் என்பதைப் பலர் அறியார். படம் இருந்தவருக்குப் புகழ் கிட்டியது. இதனால் சுவிட்சரின் பெருமை குறையாது. பின்னாளில் 1978 முதல் பல நாடுகளில் மகளிர் ஓட்டங்களை நடத்தி, ஒலிம்பிக் குழுவின் கதவைத் தட்டியவர்களில் அவர் முதன்மையானவர். செம்பிளும் பின்னர் அவருடன் சமாதானமாகிவிட்டார். 2017-ல் எழுபது வயதில் அதே 261-ம் எண்ணோடு சுவிட்சர் பாஸ்டனில் மீண்டும் ஓடினார்.

எனினும் என் தனிப்பட்ட மதிப்பு வேறொருவரிடம் செல்கிறது. சாரா மே பெர்மன். பாஸ்டனுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரத்தவர். மூன்று குழந்தைகளின் தாய். அவரும் கணவர் லாரியும் 1962-ல் கேம்பிரிட்ஜ் விளையாட்டுச் சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கி, தம் ஊரில் நடந்த ஓட்டங்களில் பெண்களும் ஓட வழிசெய்தார்கள். பெர்மன் 1969, 1970, 1971 ஆகிய மூன்றாண்டுகளிலும் பாஸ்டனில் ஓடிய பெண்களில் முதலாவதாக வந்தார். 1970-ல் குளிர் மழையில் அவர் ஓடிய நேரம் 3 மணி 5 நிமிடம் 7 வினாடி. மூன்று ஆண்டும் அவருக்கு எண்ணும் இல்லை, பரிசும் இல்லை, பெயர்ப் பட்டியலில் இடமும் இல்லை. பரபரப்பான படமும் எதுவும் இல்லை. ஒருமுறை ஓடிப் பெயர் வாங்குவது ஒன்று. பெயரே பதியாத இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவது வேறு.

1972-ல் பாஸ்டன் விதி மாறியது. முறைப்படி எட்டுப் பெண்கள் புறப்பட்டார்கள். எட்டுப் பேரும் முடித்தார்கள். நீனா குஸ்கிக் 3 மணி 10 நிமிடம் 26 வினாடியில் முதலாவதாக வந்தார். அதே ஆண்டு நியூயார்க் மாரத்தானில், பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தனியே புறப்பட வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். அவர்களுக்கான துப்பாக்கி ஒலித்ததும் நீனா உள்ளிட்ட ஆறு பெண்கள் தொடக்கக் கோட்டிலேயே தரையில் அமர்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் அசையவில்லை. ஆண்களுக்கான துப்பாக்கி ஒலித்தபின் எழுந்து அவர்களோடு சேர்ந்து ஓடினார்கள். சத்தியாக்கிரகம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். உடம்பு என்னத்துக்கு ஆகும்?

ஆண், பெண் உடலில் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. சராசரியாக ஆணின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கிராம் ஹீமோகுளோபின் உண்டு. பெண்ணுக்கு 13 கிராமை ஒட்டி இருக்கும். இதயத்தின் அளவும் சற்றுச் சிறிது. உடலில் கொழுப்பின் பங்கு கூடுதல். ஆகவே ஒரு நிமிடத்தில் தசைகளுக்குச் சென்று சேரும் பிராணவாயு குறைவு. இதன் விளைவு யாது? வேகம் குறையும். தொலைவு குறைய வேண்டும் என்பதற்கு இதில் எந்தக் காரணமும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பாராததே பழைய தவறு.

கணக்கிட்டுப் பார்க்கலாம். பெண்ணுடல் தொலைவைத் தாங்காது என்பது மெய்யானால், தூரம் கூடக் கூட ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள இடைவெளி விரிய வேண்டும். 100 மீட்டரில் உசேன் போல்ட் 2009-ல் செய்த சாதனை 9.58 வினாடி, புளோரன்ஸ் கிரிபித் ஜாய்னர் 1988-ல் செய்தது 10.49. வேறுபாடு நூற்றுக்கு 9.5. மாரத்தானில் 2003-ம் ஆண்டில் பால் டெர்காட் ஓடிய நேரம் 2 மணி 4 நிமிடம் 55 வினாடி. அதே ஆண்டில் பாலா ராட்கிளிப் ஓடியது 2 மணி 15 நிமிடம் 25 வினாடி. வேறுபாடு நூற்றுக்கு 8.4. தூரம் நானூறு மடங்குக்கு மேல் பெருகியும் இடைவெளி விரியவில்லை, சற்றே சுருங்கியிருக்கிறது!

எரிபொருள் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 55 கிலோ எடையுள்ள பெண் 42 கிலோமீட்டர் ஓட 2300 கிலோகலோரி தேவை. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் 1600 முதல் 2000 கிலோகலோரிதான் தரும். மீதியைக் கொழுப்பிலிருந்து எடுக்க வேண்டும். கிளைக்கோஜன் தீரும் இடத்தில், பொதுவாக இருபதாவது மைலை ஒட்டி, கால்கள் கல்லாகின்றன. ஒரே அளவான உழைப்பில் ஆண்களைவிடப் பெண்கள் கொழுப்பைச் சற்றுக் கூடுதலாக எரிக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மாரத்தானின் பின்பாதியில் ஆண்களே பெண்களைவிட மிகுதியாக வேகம் இழக்கிறார்கள் என்பதும் பந்தயப் பதிவுகளில் தெளிவு. எந்த உடலைத் தொலைவுக்குத் தகாது என்றார்களோ, அதுவே தொலைவைப் பதமாகச் செலவிடும் உடலாக இருக்கிறது.

மருத்துவர்களில் இதை முன்கூட்டியே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன். 1974-ல் வால்ட்நீல் என்ற தம் சிற்றூரில் பல நாட்டுப் பெண்களை வரவழைத்து மகளிர்க்கு மட்டுமான பன்னாட்டு மாரத்தானை நடத்தினார். இரண்டாண்டுகளுக்கு முன் நேர்ந்த விபத்தில் இரு கால்களையும் இழந்திருந்தவர் அவர். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1979-ல்தான் நலமும் பயிற்சியும் உள்ள பெண்களுக்கு நெடுந்தூர ஓட்டம் தீங்கு என்று கருதச் சான்று எதுவும் இல்லை என அறிவித்தது. புதரிலிருந்து ராபர்ட்டா வெளிப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! 1981-ல் ஒலிம்பிக் குழு இசைந்தது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்சில் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் முதல் தங்கத்தை வென்றார்.

அன்றைய ஓட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் வெப்பத்தால் தாக்கப்பட்டு, உடல் ஒருபுறம் சாய்ந்து, அரங்கின் கடைசிச் சுற்றைத் தள்ளாடியபடியே ஐந்து நிமிடத்துக்கு மேல் கடந்தார். மருத்துவர்கள் அருகிலேயே நடந்தார்கள்; வியர்வை வழிகிறது, ஆகவே உடல் இன்னும் தன்னைக் குளிர்விக்கிறது என்று கண்டு அவரைத் தொடாமல் விட்டார்கள். தொட்டிருந்தால் அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டிருப்பார். 37-ம் இடத்தில் முடித்து, விரைவில் தேறினார். 1928-ல் இதில் பத்தில் ஒரு பங்கைக் கண்டு ஒரு பந்தயத்தையே நீக்கினார்கள். இம்முறை மகளிர் மாரத்தானை எவரும் நீக்கவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரையும் சேர்த்தார்கள்.

அந்த 10,000 மீட்டர்தான் நம் அறிவிப்புத் தாளில் மகளிர்க்கு மிகுதி எனப்பட்ட தொலைவு. நாசிக் மாவட்டத்தின் பழங்குடிச் சிற்றூரில் பிறந்த கவிதா ராவுத் 2010-ல் டில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றது அதே தொலைவில். உலகக் குறுக்குநாட்டு ஓட்டத்திலும் நெடுங்காலம் ஆடவர்க்கு 12, மகளிர்க்கு 8 கிலோமீட்டர் என்றே வைத்திருந்தார்கள். 2017-ல் இருவருக்கும் 10 என்று சமமாக்கிவிட்டார்கள்.

ராபர்ட்டா கிப் மருத்துவம் பயில இடம் கிடைக்காமல் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்; சிற்பமும் செய்து வந்தார். அவருடைய மூன்று ஓட்டங்களையும் பெர்மனுடைய மூன்று ஓட்டங்களையும் 1996-ல், நூறாவது பாஸ்டன் மாரத்தானின்போது, பந்தயக் குழு முறையான வெற்றிகளாக ஏற்றுக்கொண்டது. அவர் புதரில் மறைந்து நின்ற ஹாப்கின்டனில் 2021-ல் ஓடும் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்று திறக்கப்பட்டது. சிலையில் இருப்பவரும் அவரே; சிலையை வடித்தவரும் அவரே.

விளையாட்டுக் குழுவுக்கு நானும் தோழியும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். மேலே சொன்ன கால அளவுகளையும் அதில் இணைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து எங்களுடையது, மூன்றாவது அண்ணனுடையது. தாள் மகளிர் விடுதியின் வரவேற்பறையில் இருக்கிறது. விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் உண்டு. விரும்புவோர் வந்து கையெழுத்திடலாம்; காலையில் ஐந்தே கால் மணிக்கு வாயிலருகே வந்தால் உடன் ஓடவும் செய்யலாம்.